வாரக்கடைசித் திணை: திருவண்ணாமலைப் பள்ளி ஆசிரியையின் சனி, ஞாயிறு குறித்த ஆய்வு

பாயிரம்

நிலத்தை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை என்று பட்டியல் போட்ட தொல்காப்பியர், அரசுப் பள்ளி ஆசிரியையின் சனிக்கிழமையை விட்டுவிட்டார். அவர் காலத்தில் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி இல்லை என்று அவரை மன்னிக்கலாம். உரையாசிரியர்களும் இதைத் தொடவில்லை. இளம்பூரணர் துறவி, மனைவி வழியாக இந்த அனுபவம் வாய்க்க அவருக்கு வழியில்லை. நச்சினார்க்கினியர் ஏன் விட்டார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இக்கட்டுரையாளனின் தகுதி ஒன்றுதான். அவன் ஒரு தமிழாசிரியையின் கணவன். ஆய்வு முறை, சமூகவியலார் சொல்லும் பங்கேற்பு உற்றுநோக்கல். அதாவது பை தூக்குவது. ஆய்வுக் களம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பள்ளி மைதானங்கள். காலம், ஜூனில் தொடங்கி, மார்ச்சில் பொதுத்தேர்வு வந்து மீட்கும் வரை. ஆய்வுக்குட்பட்டோர் ஓர் ஆசிரியை, அவர் பெற்ற பிள்ளைகள் இருவர், அவர் பெறாத பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் மாறும் எண்ணிக்கையில்.

ஞாயிறு விடுமுறை வானத்திலிருந்து விழுந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே ஆண்டுக்கணக்கில் மன்றாடி, 1890-இல்தான் அதை வாங்கித் தந்தார். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. ஆசிரியைக்கு வந்து சேரும் வழியில் எங்கோ கைமாறிவிட்டது.

முதல், கரு, உரி

நிலம் எது? 2,668 அடி உயர மலை தெருக்கோடியில் நிற்பதால் குறிஞ்சி என்று மயங்குவர். அன்று. போட்டி நடப்பது செம்மண் மைதானத்தில். சுண்ணாம்புக் கோடும் கொடிக்கம்பமும் அதன் அடையாளங்கள். சிறுபொழுது, வைகறை ஐந்தரை. பெரும்பொழுதாக, பேச்சுப் போட்டிக்கு வெயிலும் ஓட்டப் பந்தயத்துக்கு மழையும் கொள்ளப்படும்.

கருப்பொருள்களில் உணவு புளிசாதம். தயிர்சாதம் என்பாரும் உளர். அது மதியத்துக்குள் புளித்து, தானே புளிசாதம் ஆகிவிடுவதால் தனியாகக் கொள்ள வேண்டியதில்லை. மரம் வேம்பு. விலங்கு, நூறு மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாவது தடத்தில் கூடவே ஓடும் நாய். பறை, மைக் செட். தெய்வம், சிறப்பு விருந்தினர்: மாலையும் பொன்னாடையும் உகந்தவர், தாமதித்தே காட்சி தருபவர், சில தலங்களில் காட்சி தராமலே அருள் புரிபவர்.

உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். இது முல்லைக்கு உரியதாயிற்றே என்று புலவர் குறுக்கிடலாம். வேறுபாடு உண்டு. முல்லையில் போர்மேல் சென்ற தலைவனுக்காகத் தலைவி வீட்டில் காத்திருப்பாள். அவன் கார்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிச் சென்றிருப்பான். இங்கே போட்டிமேல் சென்றவள் தலைவி. தலைவன் வேப்பமரத்தடியில், பிறர் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலிருக்கிறான். அவளும் ஒரு பருவம் குறித்துத்தான் போனாள். "என்னங்க, மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்."

மதியம் ஒரு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

பேச்சுப் போட்டியின் ஒலியியலையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எல்லாப் பேச்சும் "நடுநிலை தவறாத நடுவர் அவர்களே" என்று தொடங்கும். முடிவு அறிவித்தபின் அத்தொடரை எந்தப் பள்ளியும் பயன்படுத்தியதாகப் பதிவில்லை. முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி முடிவு. இரண்டாம் மணிக்குப் பிறகும் நிறுத்தாத பிள்ளை பிற்காலத்தில் எந்தத் துறைக்குப் போகும் என்பது தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போட்டிகளின் வகை பெரிது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சும் கட்டுரையும் பழையவை. 1,330 குறளையும் ஒப்பிக்கும் முற்றோதல் தனி வேள்வி. அதற்கான பயிற்சிக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தாலே "அதிகாரம் பேர் சொல்லச் சொல்வாங்க" என்று பயந்து எழுந்துவிடுவார்கள். 2022-இல் கலைத் திருவிழா வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படியேறும். அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த கையோடு, கிராமத்துப் பள்ளிகளிலும் செஸ் பலகைகள் விரிந்தன. ஆய்வாளன் என்ற முறையில் செஸ்ஸையே பரிந்துரைப்பேன். சத்தமில்லை, மழைக்குப் பயமில்லை, விளையாடியபின் சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

வென்ற பிள்ளை அடுத்த படிக்குப் போகும்; ஆகவே இன்னொரு சனிக்கிழமையும் போகும். தோற்றால் குடும்பம் மீளும். நடுவர் முடிவை வாசிக்கும்போது இக்கட்டுரையாளனின் உள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது நெறிமுறைக் காரணங்களால் வெளியிடப்படவில்லை.

பௌர்ணமிக் கணக்கு

இவ்வளவும் எல்லா ஊருக்கும் பொது. திருவண்ணாமலைக்கே உரியது நிலா.

ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 29.53 நாள். நாலு வாரம் போக மீதி ஒன்றரை நாள். ஆகவே ஒவ்வொரு பௌர்ணமியும் கிழமையில் ஒன்றோ இரண்டோ தள்ளித் தள்ளி விழும். எந்தக் கிழமையும் தப்பாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்றில் விழ ஏழில் மூன்று பங்கு வாய்ப்பு. ஆண்டுக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, சில ஆண்டில் பதின்மூன்று. வாரக்கடைசிகளில் ஐந்து போயின. இதில் நுட்பம் ஒன்றுண்டு: இந்த மாதம் வெள்ளியில் விழுந்தால் அடுத்த மாதம் சனியிலோ ஞாயிற்றிலோ விழுந்தே தீரும். இடி தனியாக வருவதில்லை.

பௌர்ணமி நாட்களில், மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதரால் நிறையும். நகரப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். உலகமெல்லாம் நம் ஊருக்குப் பயணம் வரும்போது நாம் எந்த ஊருக்குப் பயணம் போவது? உறவினர் வருவர். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை – வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குமுன் எங்களுக்கு இத்தனை சித்தப்பாக்கள் இருந்தது நினைவில் இல்லை.

இருந்தாலும் இந்தத் துறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கண்டுபிடிப்பு உண்டு. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் அடுப்பங்கரைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாம். இந்திர, அக்னி, எம லிங்கங்களிலிருந்து போன் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். பக்தி புதிதாக இருக்கும். நிருதியில் கால் வலி பற்றிய முதல் குறிப்பு வரும். வருணன், வாயுவில் பேச்சு குறையும். "குபேர லிங்கத்துகிட்ட கூட்டம் நகரவே மாட்டேங்குது" என்று கேட்டதும் இட்லிப் பானையை ஏற்றிவிடலாம். ஈசான்யம் என்றால் காபி டிகாக்ஷன். வெந்நீர் அதற்குமுன்பே தயாராக இருக்க வேண்டும்.

கார்த்திகை தீபம் இன்னும் ஆழமான சிக்கல். தீபத்தன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக வேறொரு சனிக்கிழமையை வேலைநாளாக அறிவிப்பார்கள். அதாவது மலையில் எரியும் சுடர் திரியையும் நெய்யையும் மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, ஒரு சனிக்கிழமையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. இதைச் சைவ சித்தாந்தத்தில் எங்கே பொருத்துவது என்று அறிஞர்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டின் 52 வாரக்கடைசிகளில் பௌர்ணமி, தீபம், போட்டிகள், பயிற்சிக் கூட்டங்கள், திறனறித் தேர்வுக் கண்காணிப்பு, ஆவணி தை முகூர்த்தங்கள் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தோம். விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. மறுபடி கழித்தும் அதுவே வந்தது.

சேர்ப்பு விதி

அப்படியானால் குடும்பம் எங்கேதான் போயிற்று? இதற்கு ஆசிரியையே சூத்திரம் செய்தார்: போட்டி வந்த ஊரே போகும் ஊர்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்த விதி வியக்கத்தக்க வகையில் வேலை செய்கிறது. 1989-இல் வடஆற்காட்டைப் பிரித்து உண்டாக்கிய இம்மாவட்டம் பெரியது, கோணல்மாணலானது. செய்யாற்றுப் பிள்ளைக்குக் காஞ்சிபுரம் கூப்பிடு தூரம். ஆனால் மாவட்டப் போட்டி என்றால் கோழி கூவுமுன் கிளம்பி எங்கள் ஊருக்கு வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் சில வாரங்களில் எதிர்த்திசையில் போவார்கள். போகிற இடமெல்லாம் ஒரு கோயிலோ கோட்டையோ கிடந்தது.

செய்யாற்று வேதபுரீசுவரர் கோயிலில் ஒரு பனை நிற்கிறது. சம்பந்தர் ஒரு பதிகம் பாடி ஆண்பனையைக் காய்க்க வைத்தார் என்பது தலவரலாறு. ஏழாம் வகுப்புப் பையனை ஐந்து நிமிடம் திக்காமல் பேச வைக்க ஒரு பருவமே படாதபாடு பட்ட ஆசிரியை அந்தப் பனையை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். வந்தவாசியில் 1760-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்தனர். இந்தியாவில் பிரெஞ்சுக் கனவு அங்கேதான் சரிந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த ஊரிலிருந்து ஒரு கோரைப்பாயும் ஆறுதல் பரிசும் கொண்டுவந்தனர். பக்கத்தில் சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயிலின் தூண் ஒன்றில் நடராசர் ஆடுகிறார். கலைத் திருவிழாவில் பரதம் ஆடித் தோற்ற மாணவி அதைப் பார்த்து, "டீச்சர், இவரு கால் ஸ்ட்ரெயிட்டாவே இல்ல" என்றாள். ஆரணியில் நடந்ததை எழுதப் போவதில்லை. பட்டுக்குப் பெயர் போன ஊர் என்று மட்டும் குறித்து, கட்டுரையாளனின் பணப்பை அந்தப் பக்கத்தைக் கடக்கிறது.

பயணத்தின் நடுவே ஒரு பையன் எழுவான். "சார், வாந்தி வருது." பள்ளிக்கும் எனக்கும் தொடர்பில்லை, இருந்தும் நான் சார். இன்னொருத்தி மட்டும் துல்லியமாக வகைப்படுத்தினாள்: "அவரு சார் இல்லடி, டீச்சர் வூட்டுக்காரரு." எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர், ஜன்னலோர இருக்கை மூன்றும் ஒருங்கே அமைந்த வண்டி இதுவரை கண்டறியப்படவில்லை.

சேர்ப்பு விதியின் பக்கவிளைவு ஒன்று ஆய்வின்போது வெளிப்பட்டது. அதிசயமாக ஒரு ஞாயிறு காலியாகி, பள்ளிப் பிள்ளைகள் யாருமின்றிச் சாத்தனூர் அணைக்குப் போனோம். தென்பெண்ணையின் மதகுகளைப் பார்த்தோம், முதலைப் பண்ணையைப் பார்த்தோம். வண்டி ஏறும்போது ஆசிரியை படியில் நின்று, "எல்லாரும் இருக்கீங்களா? கையைத் தூக்குங்க" என்றார். மூவரும் தூக்கினோம். எண்ணிவிட்டு, திருப்தியில்லாமல் மறுபடி எண்ணினார்.

தடையும் விடையும்

கோடை விடுமுறை இல்லையா என்று எதிர்வாதி கேட்பார். உண்டு. அதில் விடைத்தாள் திருத்தமும் மாணவர் சேர்க்கையும் உண்டு. அவை போக எஞ்சிய நாட்களில் அக்னி நட்சத்திரம். மலை அடுப்புக்கல்லாகச் சுடும்போது யாரும் பயணம் போவதில்லை, மொட்டை மாடிக்குத்தான் போவார்கள்.

விடுமுறை நாளில் வேலை செய்தால் ஈடுசெய் விடுப்பு தருகிறார்களே என்பது இரண்டாவது, வலுவான தடை. தருகிறார்கள், குறித்த காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆனால் எடுக்கும் நாள் செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி, கணவனுக்கு அலுவலகம். ஆசிரியைக்கு இழந்த நாள் திரும்பக் கிடைக்கிறது, குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. சனிக்கிழமையை நாலு பேரிடமிருந்து எடுத்துவிட்டு, புதன்கிழமையை ஒருவரிடம் தருவதை ஈடு என்று எந்தக் கணக்குநூல் சொல்லும்? அந்தப் புதன்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்று விசாரித்ததில், அடுத்த போட்டிக்கு உரை எழுதிக் கொடுத்தது தெரியவந்தது.

இந்தக் கட்டுரையின் கையெழுத்துப்படியை அவரிடமே மதிப்பீட்டுக்குக் கொடுத்தேன். சிவப்பு மையில் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டு, மேற்கோள் போதாது, முடிவுரை இல்லை என்று மதிப்பெண் குறைத்து, "வட்டார அளவில் பங்கேற்கலாம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். தேதி கேட்டேன். சனிக்கிழமையாம்.