ஆபீஸ் அக்கா சாப்பிட்டு வரட்டும்

வைஃபை வேறு, இணையம் வேறு என்பதை எங்கள் வீட்டில் ஒருவரிடமும் என்னால் நிரூபிக்க முடியவில்லை. "அதான் கோடு முழுசா காட்டுதுல்லா!" என்று அம்மா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். காட்டத்தான் செய்தது. உன் போனுக்கும் ரூட்டருக்கும் பேச்சுவார்த்தை நன்றாகத்தான் நடக்கிறது, ரூட்டருக்கும் ஊருக்கும்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ரூட்டர மாத்து" என்றாள். மாற்றியதால் வந்த வினைதான் இது.

பழைய ரூட்டர் ஐப்பசி இடியில் கண்ணை மூடிவிட்டது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது, இடி அந்த வழியாக வராது என்று விளம்பரத்தில் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் ரூட்டரின் அடாப்டர் சொருகியிருந்தது சாதாரண பிளக்கில். இடிக்கு அந்த வழி போதுமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஃபைபர் பெட்டி மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது.

புது ரூட்டர் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கருவியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பம் மொத்தமும் நின்றுகொண்டு ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பச்சையானால் இணையம் என்று துண்டுச்சீட்டு சொன்னது. ஆகாவிட்டால் என்ன செய்வது? கீழே உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து செயலியைப் பதிவிறக்க வேண்டுமாம். இணையம் வராதவனுக்கு உதவியை இணையத்தில் வைத்திருக்கிற புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. என் மகன் அவனுடைய அன்றைய 1.5 ஜிபியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தான், சொத்தில் பங்கு பிரித்துக் கொடுக்கிற முகத்தோடு.

செயலி நீலத் துளையில் வயர் சொருகியிருக்கிறதா என்று கேட்டது. இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்றது. பார்த்தாயிற்று. பிறகு, "உங்கள் இணையச் சேவையாளரை அணுகவும்" என்று கைகழுவியது. சேவையாளரின் உதவி எண்ணில் பேசிய பெண், "எங்க பக்கம் எல்லாம் ஓகேவா இருக்கு சார், ரூட்டர் கம்பெனிக்குப் பேசிப் பாருங்க" என்றாள். இவன் அவனைக் காட்ட, அவன் இவனைக் காட்ட, நடுவில் நானும் ஆரஞ்சு விளக்கும்.

இந்த நேரத்தில்தான், யாரும் சொல்லாமலே, எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். ஃபைபர் மீது அவருக்கு எப்போதுமே ஒரு இளக்காரம்.

"காப்பர் லைன்ல எக்ஸ்சேஞ்சுலேருந்தே 48 வோல்ட் வரும்வே. ஊர் பூரா கரண்ட் போனாலும் போன் சாகாது. இந்தக் கண்ணாடி நூல்ல என்னத்த வரும்?"

இந்த ஒரு விஷயத்தில் அவரை மறுக்க முடியாது. இழையில் வருவது வெளிச்சம் மட்டும்தான். அதை வாங்கிப் படிக்கிற பெட்டிக்கும், அடுத்து நிற்கிற ரூட்டருக்கும் கரண்ட் நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் மினி யுபிஎஸ் என்று ஒரு கைக்கடக்கமான டப்பா கடை கடையாக விற்கிறது. அண்ணாச்சி வென்ற திருப்தியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போகிற எண்ணம் தெரியவில்லை.

கேபிள் தம்பிக்குப் போன் போட்டேன். "இந்தா வந்துட்டேன் சார், முருகன்குறிச்சில நிக்கேன்" என்றான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போட்ட கடலடி கேபிள் ஒன்று சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். கண்ணாடிக்குள் வெளிச்சம் விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக, சிங்கப்பூரில் புறப்பட்டது சென்னைக் கரையேற விநாடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். முருகன்குறிச்சியில் புறப்பட்டது பாளையங்கோட்டைக்குள்ளேயே இருக்கிற எங்கள் வீட்டுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

தம்பி நேராகச் சுவர்ப் பெட்டிக்குப் போனான். "லாஸ்ல சிவப்பு எரியல. அப்போ லைன் வருது" என்றான். இருந்தாலும், ஃபைபரின் பச்சைத் தலையைப் பிடுங்கி ஒரு மீட்டரில் சொருகினான். அப்பா குனிந்து அதன் முனையைப் பார்க்கப் போனார். "கண்ணுக்கு நேரா வைக்காதீங்க சார், லேசர்!" என்று தம்பி பதறினான். அந்த வெளிச்சம் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கூடுதல் ஆபத்து.

"மைனஸ் இருபத்தொண்ணு. சூப்பர் சார்!"

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மைனசில் மார்க் வாங்கிவிட்டு ஒருவன் சூப்பர் என்று சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கணக்கில் ஒரு மில்லிவாட்டுக்குப் பெயர் பூஜ்யம். பத்துப் படி கீழே போனால் அதில் பத்தில் ஒரு பங்கு, இருபதுக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. மைனஸ் இருபத்தொன்று என்றால் அதையும்விடக் கொஞ்சம் குறைவு. அந்தத் துளி வெளிச்சத்தை வைத்துத்தான் அம்மாவின் சீரியல், மகனின் கிரிக்கெட், என் ஆபீஸ் மீட்டிங் எல்லாம். மைனஸ் இருபத்தேழு வரைக்கும்கூட பெட்டி சமாளித்துப் படித்துவிடும் என்றான் தம்பி. அப்பா, "அப்போ பாஸ் மார்க்குக்கு மேலதான்" என்று ஒருவழியாகத் திருத்தி முடித்தார்.

வெளிச்சம் ஏன் இவ்வளவு இளைத்துப் போகிறது என்று கேட்டேன். தெருமுனைக் கம்பத்தில் ஒரு ஸ்பிளிட்டர் இருக்கிறது. கரண்டே தேவைப்படாத கண்ணாடித் துண்டு. ஒரே இழையில் வருவதை 32 வீட்டுக்கும் சரிபங்காகப் பிரிக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இறங்கி வருகிற சமாச்சாரம் 32 வீட்டுப் பெட்டிக்கும் போகும். பூட்டுப் போட்டு வருவதால், தன் வீட்டுக்கு வந்ததை மட்டும் திறந்து எடுத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொரு பெட்டியும் தள்ளிவிடுகிறது. ஒரு வீட்டுச் சேதி தெரு முழுக்கப் போவது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. கேட்டதைத் தள்ளிவிடுகிற பண்புதான் புதிது.

ஆக, வெளிச்சம் வாசல் வரை வந்துவிட்டது. உள்ளே வராததற்குக் காரணம் சம்பிரதாயம். புது ரூட்டர், யாராவது கூப்பிட்டு முகவரி கொடுப்பார்கள் என்று சும்மா நின்றிருக்கிறது. எங்கள் கேபிள்காரர்களின் சர்வரோ பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் கதவைத் திறக்கும். பிபிபிஓஇ என்று பெயர். மோடம் கிறீச்சிட்ட டயல்-அப் காலத்துப் பழக்கத்தை 1999இல் அகலப்பட்டைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

தம்பி என் லேப்டாப்பில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைப்பு வகையை மாற்றி, ஆபீசுக்குப் போன் போட்டு யூசர்நேம் கேட்டான். அம்மா பெயரும் கதவெண்ணும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்ட அப்பா கொதித்துவிட்டார். "ஒரு எச் விட்டுப் போச்சுடே, சேத்து அடி."

"சரியாப் போட்டா வராது சார். தப்பாவேதான் போடணும்."

பாஸ்வேர்டை மட்டும் தம்பி ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் போன வரிசையை அண்ணாச்சி நாற்காலியிலிருந்தே படித்துவிட்டார்.

ஆரஞ்சு அசையவில்லை.

"மேக் மாட்டிக்கிட்டு சார்" என்றான் தம்பி. ஒவ்வொரு ரூட்டருக்கும் பிறக்கும்போதே பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு அடையாள எண் உண்டு. சர்வர் பழைய ரூட்டரின் எண்ணைப் பதிவு செய்துவைத்து, அதைத் தவிர வேறு யாரையும் விட மாட்டேன் என்கிறது.

"செத்தவன் பேர்லயா இருக்கு?" என்றார் அப்பா. "அப்போ வாரிசுச் சான்றிதழ் கேப்பானோ?"

குறுக்கு வழி ஒன்று உண்டு. பழையதன் அடியில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்துப் புதியதில் அடித்துவிட்டால் போதும், சர்வர் ஏமாந்துவிடும். பழைய ரூட்டரைத் தேடினோம். அம்மா அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கியிருந்தாள். வாளி நல்ல வாளிதான். அடியில் எண் எதுவும் இல்லை.

"அப்போ ஆபீஸ்ல அக்காதான் ரிலீஸ் பண்ணணும்" என்று தம்பி மறுபடி போன் போட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கீழே வைத்தான். "அக்கா சாப்பிடப் போயிருக்காவ."

கடலைத் தாண்டி வந்த வெளிச்சம் சுவர்ப் பெட்டியில் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். ஊரையே கட்டி ஆள்வது செயற்கைக்கோள், சர்வர் பண்ணை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எங்கள் ஏரியாவை ஆள்வது ஒரு டிபன் கேரியர். அம்மா எல்லோருக்கும் காபி போட்டாள். அண்ணாச்சி இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார்.

அக்கா கை கழுவி வந்தார். ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். ஆரஞ்சு பச்சையானது. மகன் ஹாட்ஸ்பாட்டை அணைத்த வேகத்தை ஒலிம்பிக்கில் சேர்க்கலாம்.

வைஃபைக்குப் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் வைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவியும் கேள்வி கேட்காமல் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றான் தம்பி. நல்ல யோசனைதான். மகன் கேட்கவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி என்று எவனும் உடைக்க முடியாத ஒன்றைப் புதிதாக வைத்தான். அம்மாவின் போனிலும் டிவியிலும் அதை ஏற்றிக் கொடுப்பதற்குள் தம்பி கிளம்பிப் போய்விட்டான்.

அண்ணாச்சி மட்டும் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை தட்டினார்.

"என்ன டே," என்றார் என் மகனிடம், "பாஸ்வேர்ட மாத்திட்டியா? நமக்கு எடுக்க மாட்டேங்கே?"