வீட்டுக்கு ஒரு குல்லாய்

கேள்வி: அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் என் மகள் வீட்டார் நூறு வருடப் பழைய மரவீடு வாங்கியிருக்கிறார்கள். ஹீட்டர் ஓயாமல் ஓடியும் குளிர்கிறதாம். ஜன்னல்களை மாற்றினால் சரியாகுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஜன்னல் விற்பவரைக் கேட்டால் தலையாட்டுவார். நான் ஜன்னல் விற்பதில்லை. அதனால் கூரையடி மாடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். சூடான காற்று மேலே ஏறும். மாடத்தில் ஒயர், குழாய் போன இடுக்குகள் வழியே அது வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிலவறைச் சந்துகளில் குளிர்காற்று உள்ளே வரும். உங்கள் மாப்பிள்ளை காசு கொடுத்து ஊரைச் சூடாக்குகிறார்!

வாசலில் ராட்சத மின்விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுத்தால், ஒளிந்திருக்கும் ஓட்டைகள் 'உஸ்' என்று காட்டிக்கொடுக்கும். முதலில் அவற்றை அடைக்க வேண்டும். பிறகு மாடத்தில் ஒரு அடி உயரத்துக்கு மேல் செல்லுலோஸ் நிரப்பலாம். அது வேறொன்றுமில்லை, பழைய செய்தித்தாளை அரைத்து, எளிதில் தீப்பிடிக்காதிருக்க போரேட் உப்பு கலந்தது. பத்திரிகைகளில் சூடு இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. மாடத்தில் ஏற்கெனவே சாம்பலும் பழுப்புமாய் மினுங்கும் சிறு துணுக்குகள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைக் கிளறவே வேண்டாம். பயிற்சி பெற்றவர்களை அழைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் காத்திருக்கட்டும்.