காசில்லாதவருக்கு முதல் வரிசை

முக்கியமான ஆட்டங்களை எல்லோரும் இலவசமாகப் பார்க்கட்டும் என்று 2007இல் ஒரு சட்டம் வந்தது. ஒளிபரப்பு உரிமை வாங்கிய கட்டணச் சேனல், விளம்பரம் நீக்கிய ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தரவேண்டும். (தூர்தர்ஷன் பிடிக்கும் விளம்பர வருமானத்தில் முக்கால் பங்கு சேனலுக்கே. தானம் கொடுத்துக் கெட்டார் யாருமில்லை.) 2017இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிக்கும் சந்தா இல்லாத ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும், தனியார் கேபிளுக்குக் கிடையாது.

ஆக, மாதாமாதம் கேபிள்காரருக்குப் பணம் கட்டுகிற வீட்டில், டாஸ் போடும் நேரத்துக்கு டிடியைத் திருப்பினால் வேறேதோ நிகழ்ச்சி ஓடும். சந்தாவே கட்டாத எதிர்வீட்டிலிருந்து ‘சிக்ஸர்’ என்று கூச்சல் வரும். கோபப்படாதீர்கள், ஸ்போர்ட்ஸ் பேக்கைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.