உபசரிக்கக் கூடாத விருந்தாளி

டெக்சாஸில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பன், வெளியூர் கிளம்பும்போதெல்லாம் தன் போவா பாம்பை என் பொறுப்பில் விட்டுவிடுவான். பெயர் ரோஸி. ஏழடி நீளம். "சாப்பாடு போட்டால் போதும், வேறு வேலையே இல்லை" என்பான். சாப்பாடு போடுவதில் நமக்குத் தெரியாததா? ஆனால் நம் ஊர்ப் பந்தி தர்மத்தில் ஒன்றைத் தவிர எதுவும் ரோஸியிடம் செல்லாது.

முதலாவது, கையால் பரிமாறக் கூடாது. நீளமான இடுக்கியால்தான் நீட்ட வேண்டும். போவாவின் உதட்டுச் செதில்கள் சூட்டை உணரும். நாக்கு வாசனை பிடிக்கும். எலி வாசனை ஒட்டிய வெதுவெதுப்பான கையைப் பார்த்தால், அதற்கு அது ஐந்து வால் உள்ள எலி.

சுடச்சுடப் போடுவதில் மட்டும் நமக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு இல்லை. உறைய வைத்த எலியை முதல் நாளே ஃப்ரிட்ஜில் இறக்கிவைத்து, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டு உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைத்தால் எலி வெடிக்கும். அதைத் துடைக்க ஆள் கிடைக்காது. உறைந்தாலும் சாகாத சால்மொனெல்லா கிருமி இருப்பதால், எலிக்குத் தனிப் பெட்டி, தனிப் பாத்திரம். உயிருள்ள எலியோ கூடவே கூடாது. அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

இரையை இறுக்குவதிலும் போவாவுக்கு ஒரு கணக்கு உண்டு. பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரியில் ஸ்காட் போபாக் என்ற பேராசிரியரின் குழு, செத்த எலிகளுக்குள் செயற்கை இதயத்தைப் பொருத்திச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டது. துடிப்பு தெரிந்த எலிகளை போவாக்கள் அதிக நேரம், அதிக பலத்தோடு இறுக்கினவாம். கூண்டைத் திறக்கையில் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்துக்கு, இது நான் படித்திருக்கவே கூடாத செய்தி. அதிலிருந்து, பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் ரோஸிக்கு விருந்து கிடையாது.

இரண்டாம் முறை பரிமாறுவதும் இல்லை. உடம்பின் மிகப் பருத்த இடத்தைவிடப் பருமனாக எலி இருக்கக் கூடாது. வளர்ந்த பாம்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போதும்; மிஞ்சினால் கொழுப்பு ஏறிவிடும். சாப்பிட்டவரை உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவதும் தப்பு. இரண்டு நாளாவது தொடாமல் இருக்க வேண்டும். தொந்தரவு செய்தால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

இதையெல்லாம் வீடியோ காலில் அம்மாவுக்கு விளக்கினேன். பயப்படுவார் என்று பார்த்தால், முகம் வாடிவிட்டது.

"மாசத்துக்கு ஒண்ணுதானா? பொண்ணு இளைச்சுப் போயிடும்டா. ஃப்ரிட்ஜ்லதான் அத்தனை கிடக்கே, இன்னொண்ணு வையேன்!"

பாம்பிடமிருந்து மனிதரைக் காப்பாற்ற இடுக்கி இருக்கிறது. அம்மாவிடமிருந்து பாம்பைக் காப்பாற்ற இன்னும் யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.