பத்து மணிக்கு மேல் ஹீரோ பேசக்கூடாது

எங்கள் வீட்டு டிவியில் சத்தம் நூறு வரை போகும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. போகலாம். நாங்கள் ஏழோடு நிறுத்திக்கொள்கிற குடும்பம்.

ஜெர்மனியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். 'ருஹெட்சைட்' என்று அதற்குப் பெயர். கைக்குழந்தை அழலாம், அதற்கு விலக்கு உண்டு. பெரியவர்கள் அழுவதாக இருந்தால் தலையணையை வைத்துக்கொண்டு அழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கவே அமைதி. சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஓட்டை போடவேண்டும் என்றாலும் திங்கட்கிழமைதான்.

நாங்கள் இருப்பது ஹாலே நகரில், சாலே ஆற்றுக்கு மேற்கே, நோய்ஷ்டட் பகுதியில். ஜெர்மனில் 'நோய்' என்றால் புதிய, 'ஷ்டட்' என்றால் நகரம். நம்மூர்க் கணக்கில் புதூர், அவ்வளவுதான். முதல்முறை விலாசம் சொன்னபோது பொறையாற்றிலிருந்து அம்மா, "போயும் போயும் பேர்லயே நோய் இருக்கற ஊருக்காடா குடிபோவே?" என்று கேட்டாள்.

பக்கத்து ரசாயன ஆலைகளில் வேலை செய்தவர்களுக்காக 1964இல் கிழக்கு ஜெர்மனி அரசு கட்ட ஆரம்பித்த ஊர் இது. தெருக்களுக்குப் பெயர்கூட வைக்காமல் கட்டடங்களுக்கு வெறும் நம்பர் போட்டார்கள். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீடு கட்டுவதுபோல நிறுத்திச் சேர்த்தார்கள். பலகையின் உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்வீட்டில் அப்பளம் நொறுங்கினால் கீழ்வீட்டில் கேட்கும்.

இது தெரியாமல், குடிவந்த மூன்றாவது வாரம் ஒரு பெரிய ஹீரோ படத்தைப் பெரிய சத்தத்தில் பார்த்துவிட்டோம். மறுநாள் தபால் பெட்டியில் நாலாக மடித்த காகிதம். கீழ்வீட்டுப் பாட்டி எழுதியிருந்தார். எண்பது வயது, கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது.

"மதிப்புக்குரிய அண்டை வீட்டாருக்கு: நேற்று இரவு 22.17 முதல் 22.41 வரை உங்கள் வீட்டில் பலர் அடிபட்டார்கள். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நட்புடன்..."

இருபத்துநாலு நிமிடம். அந்தச் சண்டை எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது என்று படம் பார்த்த எங்களுக்கே தெரியாது.

அன்றிலிருந்து ஏழு. தங்கத்துக்கு உரைகல் மாதிரி, படத்துக்கு இந்த ஏழு என்று போகப்போகத்தான் புரிந்தது. அதே ஹீரோ படத்தை மிச்சம் வைத்த இடத்திலிருந்து ஏழில் ஓட்டினேன். ஹீரோ புழுதி பறக்க மெதுவாக நடந்து வருகிறார். பின்னணி இசை, பக்கத்து வீட்டில் சட்னி அரைப்பதுபோலக் கேட்கிறது. பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருக்கிறார். வில்லனின் ஆட்கள் காரணமில்லாமல் பறக்கிறார்கள். பஞ்ச் டயலாக், கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று விசாரிப்பதுபோல முடிந்துவிட்டது. என் மனைவி, "இவரு ஏங்க எல்லார்கிட்டயும் ரகசியம் பேசறாரு?" என்றாள்.

2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது காது வலிக்கிறது என்று ஊரே சொல்ல, சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்துவைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். இரண்டு புள்ளி! எங்கள் பாட்டியிடம் விட்டிருந்தால் படம் மௌனப்படமாகவே வெளியாகியிருக்கும்.

ஏழில் ஜெயித்த முதல் படம் 'மகாராஜா'. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். வீட்டிலிருந்த 'லட்சுமி' என்கிற இரும்புக் குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒரு முடிதிருத்துபவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கிறார். போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், இவர் அசைவதாக இல்லை. தமிழ்நாட்டில் இது விநோதம். இங்கே காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு என்று தொட்டிகளைப் போற்றி வளர்க்கிற ஊர். கதையை நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஓர் உள்ளூர் நண்பரிடம் சொன்னேன். "தொட்டி காணாமல் போனால் புகார் கொடுக்கத்தானே வேண்டும், இதில் என்ன சஸ்பென்ஸ்?" என்று கேட்டார்.

அந்தப் படத்தில் காலம் முன்னும் பின்னுமாகப் போகும். அதைப் பெரிய உத்தி என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, என் மனைவிக்கு எந்த வியப்பும் இல்லை. அவள் எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்க்கிறாள். இருபதாவது நிமிடத்தில் தூங்கி, இடைவேளைக்கு விழித்து, மறுபடி தூங்கி, கடைசியில் எழுந்து, "அந்தாளு அப்பவே செத்துட்டானா?" என்று கேட்பாள். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் மெனக்கெட்டுச் செய்ததை அவள் வெறும் கொட்டாவியால் சாதிக்கிறாள்.

அடுத்து 'கொட்டுக்காளி'. பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில்தான் முதலில் திரையிட்டார்கள். அப்போது கோட்டை விட்டு, பிறகு வீட்டில் பார்த்தோம். படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவில் போகிறது, சூரி தொண்டை கட்டிய குரலில் பேசுகிறார், அன்னா பென் அநேகமாகப் பேசுவதே இல்லை. கட்டிப்போட்ட சேவல் ஒன்று கூட வருகிறது. பத்து நிமிடம் கழித்து என் மனைவி எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகினாள். படம் முடிந்தபோது நெட் போய்விட்டது என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போட்டேன். முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தது இரண்டு நாள் என்னை விட்டுப் போகவில்லை. கீழ்வீட்டிலிருந்து காகிதமும் வரவில்லை. ஹாலேக்காகவே எடுத்த படம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊருக்கு அமைதி பழைய பழக்கம். எங்கள் பொறையாற்றுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்க் பாதிரியார் இங்கே படித்தவர். முதலில் தமிழ் எழுத்துகளை அச்சுக்கு வார்த்து அங்கே அனுப்பியதும் இந்த ஊர்தான். அனுப்பிய பிராங்கே பாதிரியாரின் பள்ளிக்கூட வளாகம் இன்னும் இருக்கிறது, தரங்கம்பாடிப் பக்கத்து ஓலைச்சுவடிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அந்த வளாகத்தார் பக்திமான்கள். நாடகம், நடனம் என்றால் ஆகாது. பிற்பாடு இந்த ஊர் மாணவர்கள் நாடகம் பார்க்க பாட் லாவுக்ஷ்டெட் என்ற பக்கத்து ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கோதே 1802இல் அங்கே கட்டிய தியேட்டர் இன்னும் நிற்கிறது. மார்க்கெட் சதுக்கத்தில் சிலையாக நிற்கும் இசைமேதை ஹெண்டல் 1685இல் இங்கேதான் பிறந்தார். பிற்காலத்தில் வாணவேடிக்கைக்கென்றே இசை எழுதிய மனிதர். அவர் லண்டனில் போய்க் குடியேறியதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அவருக்கும் ஒரு கீழ்வீட்டுப் பாட்டி இருந்திருப்பார் என்பது என் கட்சி.

டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டின காசு வீணாகக்கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் துப்பறியும் படமும் பார்க்கிறோம். மேற்கு ஜெர்மனி 1970இல் 'டாட்டோர்ட்' என்று ஆரம்பித்ததற்குப் போட்டியாக, கிழக்கு ஜெர்மனி 1971இல் 'பொலிட்சைருஃப் 110' என்று ஆரம்பித்தது. நாடே ஒன்றான பிறகும் இரண்டும் ஓடுகின்றன. இரண்டாவதில் சில கதைகள் ஹாலேயிலேயே நடக்கும். அதில் கொலைகாரன் யார் என்று நாங்கள் கவலைப்படுவதில்லை. "அய்யய்யோ, நம்ம டிராம்!" என்று கத்துவதற்காகவே பார்க்கிறோம். துப்பறிபவர் சோர்ந்துபோன முகத்தோடு காபி குடிக்கிறார். குற்றவாளியும் காபி குடிக்கிறான். கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். பிறகு அவன் ஒப்புக்கொள்கிறான். யாரும் யாரையும் அறையவில்லை. எட்டே காலுக்கு ஆரம்பித்துத் தொண்ணூறு நிமிடத்தில், ஒன்பதே முக்காலுக்கு முடித்துவிடுகிறார்கள். பல் துலக்கக் கால் மணி நேரம். பத்துக்கு அமைதி. கொலையைக்கூட இவர்கள் ருஹெட்சைட் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

சமாதானத்துக்கு ஒருநாள் பாட்டியை மாலை ஆறு மணிக்காட்சிக்கு அழைத்தோம். உள்ளூர் ஹாலோரன் சாக்லேட் உருண்டைகள் ஒரு பெட்டியோடு வந்தார். 2003இல் வந்த 'குட் பை, லெனின்!' போட்டோம். கிழக்கு ஜெர்மனிமேல் பிரியமான ஓர் அம்மா மயங்கி விழுந்து கோமாவில் கிடக்கிறாள். எட்டு மாதம் கழித்து விழிப்பதற்குள் பெர்லின் சுவர் இடிந்துவிட்டது. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, அவளுடைய அறைக்குள் மட்டும் பழைய நாட்டை உயிரோடு வைத்திருக்கிறான் மகன். கடையில் பழைய வெள்ளரி ஊறுகாய் கிடைக்காததால், காலி ஜாடிகளைப் பொறுக்கிவந்து அதில் புது ஊறுகாயை மாற்றி ஊற்றுகிறான்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடங்களில் பாட்டி சிரிக்கவில்லை. ஜாடிக் காட்சியில் மட்டும் மெதுவாகச் சிரித்து, எழுந்துபோய் எங்கள் சமையலறை அலமாரியைப் பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, "இது என்ன?" என்றார். துவரம்பருப்பு. காபித்தூள் டப்பாவில் கடுகு. பிஸ்கட் டின்னில் வற்றல் மிளகாய். ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலைப் பொடி. ஒன்றொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பையனுக்கு ஒரு படம் பூரா எடுக்கவேண்டியிருந்தது. நீங்கள் சத்தமில்லாமல் செய்துவிடுகிறீர்கள்."

அம்மாவிடம் வாராவாரம் நான் காட்டுவதும் அந்த மகன் செய்த வேலைதான். வீடியோ காலில் கேமராவைத் துவைக்காத துணிகளின் பக்கம் திருப்பாமல், சாமி படத்தின் பக்கமாகவே வைத்திருப்பேன். "சாப்பிட்டியா?" என்றால், ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்ட வாயால், "சாம்பார் சாதம்மா."

'மெய்யழகன்' பார்க்கச் சொன்னதும் அம்மாதான். 'நீயும் இப்படித்தான் ஆகப்போறே' என்று எச்சரிக்கை. ஊரைவிட்டுப் போய்ச் செட்டிலான அரவிந்த்சாமி பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். "அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. அன்பு மழையில் நனைந்தபடி, பெயர் தெரியாமலே அவர் வீட்டில் ராத்தங்குகிறார். இதை உணர்ச்சிக் காவியம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இது திகில் படம். "என்னைத் தெரியுதா, சொல்லு பாப்பம்?" என்று போனில் முகத்தை நீட்டுகிற சித்தப்பாக்களுக்கு நடுங்கி வாழ்கிறவன் நான். நீளம் என்று தியேட்டரில் ஓடும்போதே பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். ஏழில் பார்த்தவனுக்கு அதுவும் தேவைப்பட்டிருக்காது. இரண்டு பேர் ராத்திரி முழுக்கத் தணிந்த குரலில் பேசுகிறார்கள். நல்ல படத்துக்குச் சத்தம் எதற்கு என்ற என் சித்தாந்தம் அத்தோடு உறுதியானது.

அம்மாவின் விமர்சனம் வேறு. "ரெண்டு பேரும் உக்காந்து பேசறானுவ. நல்ல பசங்கதான். ஆனா அடுப்படியில ஒண்ணும் காதுல விழலடா."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. போன மே மாதம் ஊருக்குப் போனபோது ஒருநாள் ராத்திரி, ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. அம்மா அடுப்படியில் மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. என் கை தானாக ரிமோட்டை எடுத்து ஏழில் வைத்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "ஏன்டா, கரண்டு போயிடுச்சா?"

அவள் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "இல்லம்மா" என்று பழையபடி ஏற்றி வைத்தேன். திரையில் காலியான ஒரு தெரு. தபேலாவும் வயலினும் கூடிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தன.

"வில்லன் வந்துட்டான் பாரு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மூன்று விநாடி கழித்து அவன் வந்தான்.