மேற்பார்வை இல்லாத படிப்பு

பாலத்தின் உடல்நிலையை இனிமேல் கணினி பார்த்துக்கொள்ளுமாம். தூணிலும் தளத்திலும் உணரிகளை ஒட்டிவிட்டால் அவை அதிர்வை நொடிக்கு நொடி எழுதி அனுப்பும். நன்றாக இருக்கும் பாலம் எப்படி ஆடும் என்பதை இயந்திரம் யாரும் சொல்லித்தராமல் தானே படித்துக்கொள்ளும். ஆட்டம் மாறினால் அலறும். இதற்கு ‘மேற்பார்வையற்ற கற்றல்’ என்று பெயர். மேற்பார்வையில்லாமல் கட்டிய பாலத்துக்கு ஏற்ற வாத்தியார்தான். கண்காணிப்புப் பொறியாளர் என்றொரு பதவிக்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்துவிட்டு, கண்காணிக்க இயந்திரமும் வாங்குகிறோம்.

சேதமான பாலத்தைக் காட்டிப் பழக்க மாதிரி கிடைப்பதில்லை, அதனால்தான் இந்த வழி என்கிறார்கள் விஞ்ஞானிகள். பாவம், சுவிட்சர்லாந்துக்காரர்கள்! இசட்-24 என்ற பாலத்தை 1998இல் இடிக்குமுன், ஏறக்குறைய ஒரு வருடம் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். உறைபனியில் தார்த்தளம் விறைத்து அதிர்வெண் கூடியதைக்கூடக் குறித்து வைத்தார்கள். பிறகு தாங்களே படிப்படியாகச் சேதப்படுத்தி அளவெடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்த மாவையே அரைக்கிறார்கள்.

பீகாருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே! 2024 ஜூன், ஜூலையில் சில வாரங்களுக்குள் அங்கே பத்துக்கு மேற்பட்ட பாலங்கள் விழுந்தன. கங்கையின் குறுக்கே, சுமார் 1,710 கோடி ரூபாய் மதிப்பில் எழும்பிய அகுவானி–சுல்தான்கஞ்ச் பாலம், திறப்புவிழாவே காணாமல் 2022, 2023, 2024 என்று வருடந்தோறும் திவசம் கொண்டாடியது. முதல் தடவை பலத்த காற்றில் விழுந்துவிட்டதாகத் தனக்கு ஓர் அதிகாரி விளக்கம் சொன்னார் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே வியந்தார். பாலமா, பந்தலா? இயந்திரத்தை அங்கே பழக்கினால், நிற்கிற பாலத்தைக் கண்டுதான் அலறும்.

குஜராத்தில் உணரிகள் ஏற்கெனவே இருந்தன. இரண்டு கால் உள்ளவை. வதோதராவையும் ஆனந்தையும் இணைத்த, 1985இல் கட்டிய கம்பீரா பாலம் ஆடுகிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் 2022லேயே எழுதிக் கொடுத்தார். தினமும் போய்வருகிறவர்கள், நேற்றைய ஆட்டம் எது, இன்றைய ஆட்டம் எது என்று அவர்கள் முதுகெலும்பே படித்து வைத்திருந்தது. 2025 ஜூலை 9ஆம் தேதி காலையில் பாலத்தின் ஒரு கண் மஹி ஆற்றுக்குள் போனது. வண்டிகளோடு விழுந்து இருபது பேருக்குக் குறையாமல் செத்தார்கள். மறுநாளே நான்கு பொறியாளர்கள் இடைநீக்கம். மூன்று வருடமாக நகராத கோப்புக்கு, பிணம் விழுந்ததும் கால் முளைத்துவிட்டது.

இனி உணரி ஒட்டுவார்கள். ஆட்டம் மாறியதும் திரை சிவக்கும், எச்சரிக்கை பறக்கும். எங்கே? ஊர்க்காரர்களின் மனு போய்ப் படுத்த அதே மேசைக்கு. அங்கே இருப்பவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘உணரியில் கோளாறு’ என்று குறிப்பெழுதி, புது உணரிக்கு டெண்டர் விடுவார்.