அங்கேக்காரர்

ஒரே ஒரு தடவை, அதுவும் மகன் எடுத்தனுப்பிய டிக்கெட்டில், பதினைந்து நாள் சீமைக்குப் போய்வந்துவிட்டு, அதன்பின் ஆயுள் பரியந்தம் உள்ளூரில் எதைக் கண்டாலும் "அங்கெல்லாம் இப்படிக் கிடையாதுப்பா" என்று திருவாய் மலர்ந்தருளும் மகானுபாவர் ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் ஆவடியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. டாங்கி செய்யும் எச்.வி.எஃப்.பிலும், சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்.பிலும் சங்கு ஊதியபோதெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடிய தகப்பன்மார், தாங்கள் பட்ட பாடு பிள்ளைகள் படவேண்டாம் என்று அவர்களைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் படித்துவிட்டு விமானம் ஏறினார்கள். ஓய்வு பெற்ற தகப்பன்மார் பின்னாலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து அங்கேக்காரர்கள் ஆனார்கள்.

இவர்களுக்குள் துபாய்க்காரர், சிங்கப்பூர்க்காரர், அமெரிக்கக்காரர் என்று பல பிரிவுகள் உண்டெனினும், குடும்பத்தோடு மலைவாசஸ்தலத்துக்குப் போக உத்தேசிப்பவர்கள் பிரத்தியேகமாக அஞ்சவேண்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரே. துபாய்க்குப் போய்வந்தவரை நீலகிரிக்கு அழைத்துச் செல்லலாம்; மனிதர் ஒப்பிட வழியின்றி, போர்வையைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருப்பார். ஸ்காட்லாந்துக்காரருக்கோ மலை, மேகம், ஏரி, ஆடு, கம்பளி, சாரல், கணப்பு ஆகிய சகலமும் அங்கே ஏற்கெனவே பார்த்து முடித்தவை. அவர் எனக்குச் சகலையாகவும், என் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவாகவும், போதாக்குறைக்கு எங்கள் பிரயாணத்தின் நிர்வாகியாகவும் வாய்ப்பாரானால், அந்த விடுமுறையின் லட்சணத்தை விவரிக்கவும் வேண்டுமோ?

நீலகிரி எக்ஸ்பிரஸில் புறப்படும் இடத்திலேயே ஏறினால்தான் மூட்டைகளை வைக்கச் சௌகரியம் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே ஆவடியில் மின்சார ரயில் பிடித்து, கிழக்கு முகமாகச் சென்ட்ரல்வரை போய், அங்கே பெரிய ரயிலில் ஏறி, இரவு மறுபடியும் மேற்கு முகமாக எங்கள் ஆவடியையே கடந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே தெரிந்த நம்மூர் விளக்குகளைக் காட்டி அவர் பெருமூச்சு விட்டார். "அங்கெல்லாம் இந்த மாதிரி சுத்திட்டு வரவே வேணாம்ப்பா." சுற்றும்படி ஏற்பாடு செய்தவர் யார் என்று என் மனைவி கேட்க வாயெடுத்தாள். அவளுடைய அக்காள் கண்ணைக் காட்டினாள். என் மனைவி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். 1899-இல் குன்னூர்வரையிலும் 1908-இல் உதகைவரையிலும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ரயில், கல்லாறு தாண்டியதும், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தில் தன் பல்சக்கரத்தைக் கோத்துக்கொண்டு, பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் செங்குத்தில், எஞ்சின் பின்னாலிருந்து முட்டித் தள்ள, முக்கி முனகி ஏறுகிற காட்சியைக் காண்பதற்காகப் வெகுநாள் முன்பே சீட்டு வாங்கக் காத்திருப்பவர்கள் உண்டு. குகை வரும்போதெல்லாம் பெட்டி முழுவதும் ஓவென்று கத்துவது அந்த ரயிலின் சம்பிரதாயம். பிள்ளைகள் கத்தினார்கள், பெரியவர்கள் கத்தினார்கள், ஒரு புதுமணத் தம்பதி கூச்சத்துடன் கத்தினார்கள். எங்கள் அங்கேக்காரர் மட்டும் இரு காதையும் பொத்திக்கொண்டு, "அங்கே ஹாரி பாட்டர் ரயில்னு ஒண்ணு இருக்கு. க்ளென்ஃபின்னன்ல பாலத்து மேல போகும். இருபத்தோரு வளைவு. ஒரு பய கத்தமாட்டான்" என்றார். இந்தப் பாதையில் இருநூற்றைம்பது பாலங்கள் இருக்கின்றனவே பெரியப்பா என்று என் பெண் சொன்னதற்கு, "எண்ணிக்கையா முக்கியம்?" என்று கேட்டார். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு குரங்கு ஜன்னலுக்குள் கையை விட்டு அவருடைய முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போயிற்று. அங்கே குரங்கு கிடையாது என்பது உண்மையாகையால் நாங்கள் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

உதகை ஏரியில் படகு ஏறினோம். கலெக்டர் சல்லிவன் காலத்தில் உண்டாக்கிய ஏரி அது. "உண்டாக்கின ஏரிக்கு என்னப்பா ஆழம் இருக்கும்? அங்கே லாக் நெஸ், 230 மீட்டர்" என்று, தாமே கயிறு விட்டு அளந்து வந்தவரைப்போல் அவர் சொன்னதைக் கேட்டுப் படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு கணம் பார்த்தார். தொட்டபெட்டாவில் அடியேன் கைப்பேசியில் தேடி, நாம் நிற்கும் சிகரம் 2637 மீட்டர் என்றும், ஸ்காட்லாந்தில் மட்டுமன்றிப் பிரிட்டன் முழுமைக்குமே உயர்ந்ததாகிய பென் நெவிஸ் 1345 மீட்டர்தான் என்றும், ஆகவே ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் நின்றுகொண்டு தாங்கள் அதைப் புகழ்கிறீர்கள் என்றும் விநயமாக விண்ணப்பித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. "இங்கே மலை மேலேயே மலை வெச்சிருக்கான். அங்கே கடல் மட்டத்துலேருந்து கிளம்புது" என்றார். இது நல்ல பதில் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பிரயாணத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல பதிலும் அதுதான்.

தாவரவியல் பூங்காவில் நுழைந்தது முதல், புல் சரியாக வெட்டப்படவில்லை, பாதை சரிவு சரியில்லை, அங்கே தோட்டம் என்றால் தோட்டமாக இருக்கும் என்று அவர் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டே வந்தார். இந்தப் பூங்காவை 1848 முதல் உருவாக்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்னும் தோட்டக் கலைஞர் என்றும், அவர் அசல் ஸ்காட்லாந்துக்காரர் என்றும் எடுத்துச் சொன்னேன். வாதத்தில் இப்படியொரு அஸ்திரம் வாழ்நாளில் ஒருமுறைதான் கைக்குக் கிடைக்கும். அங்கேக்காரர் நின்றார், தொப்பியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினார், சரிந்து கிடந்த புல்வெளி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அதானே பாத்தேன். கை தெரியுதுல்ல?" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன் குற்றமாகத் தெரிந்த அதே சரிவை என் பிள்ளைகளுக்குக் காட்டி, நிலத்தின் வாட்டத்தை எவ்வளவு நேர்த்தியாக உபயோகித்திருக்கிறான் பார் என்று விளக்கவும் தொடங்கிவிட்டார்.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பழுப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட, எடின்பரோவில் வாங்கிய தொப்பி. ஹாரிஸ் ட்வீட் என்பார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்னும் தீவுகளில் சாயமேற்றி நூற்ற சுத்தக் கம்பளி நூலைக் கொண்டு, அந்தத் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த துணிக்குத்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993-ஆம் வருஷத்திலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டில் விதித்துவிட்டார்கள். அசல் துணியில் உருண்டையும் அதன்மேல் சிலுவையுமாக ஒரு முத்திரை இருக்கும். குன்னூரில் அவர் முகம் கழுவப் போன சமயத்தில் நான் தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரையைக் காணோம். நூறு சதவிகிதம் பாலியெஸ்டர் என்று மட்டும் ஒரு சீட்டு தைத்திருந்தது. ஓ.சி.எஃப்.பில் தையல் பரிசோதகராக இருந்து, உத்தியோக காலம் முழுவதும் துணியைத் திருப்பிப் பார்த்தே சம்பளம் வாங்கியவர், ஒரு தையல் தப்பினாலும் சட்டையைத் தூக்கி ஒதுக்கிப் போட்டவர், இதை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் ஸ்காட்லாந்தை எவ்வளவு பார்த்தார் என்பதும் இதே கதைதான். மகன் ஆபீசுக்குப் போய்விட, டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நாள் முழுவதும் மழை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சாயங்காலம் இறங்கலாம் என்றால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தது. இவையெல்லாம் அவர் மனைவி சொல்லி நாங்கள் தெரிந்துகொண்டவை.

பூங்காவுக்கு மேலே, தோடர் பழங்குடியினர் வசிக்கும் மந்து. வாசலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து, கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். புகூர் என்று அவர்கள் வழங்கும் இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைப் பிடிக்கச் சட்டமில்லை, பென்சில் கோடில்லை, பார்த்துத் தைக்க மாதிரியுமில்லை. துணியின் பாவையும் ஊடையையும் விரல் நுனியால் எண்ணி, உள்பக்கத்திலிருந்து ஊசி ஓட்டுகிறார்கள். பிரயாணம் தொடங்கியது முதல் முதன்முறையாக எங்கள் அங்கேக்காரர் தாமாகக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முடித்து வைத்திருந்த ஒரு சால்வையைக் கையில் எடுத்து, பழக்கதோஷத்தால் திருப்பினார். மறுபக்கமும் முன்பக்கம்போலவே துப்புரவாக இருந்தது. மறுபடி திருப்பினார். கட்டைவிரல் நகத்தால் ஒரு வரிசையைத் தடவிக்கொண்டே போனார், உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"எங்கேயும் ஒரு நூல்கூடத் தப்பலியேம்மா" என்றார்.

"தப்பினா பிரிச்சிடுவோம் சார்" என்றார் அந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

ஒரு முழு நிமிஷம் அவர் வாயில் 'அங்கே' வரவில்லை. நாற்பது வருஷம் வேலை செய்த மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. என் பிள்ளைகள்கூடப் பெரியப்பாவைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். அத்துடன் அந்த மனிதரை அப்படியே ஒரு படம் எடுத்து, மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே நேர்ந்திராது.

விலை கேட்டார். ஐயாயிரம் என்றார் அந்த அம்மாள். "ரெண்டாயிரம் தரேன்" என்றார் இவர்.

இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை. அந்தப் பாலியெஸ்டர் தொப்பிக்கு எடின்பரோவில் நாற்பத்தைந்து பவுன் கொடுத்தவர் இவர். நம் நாணயத்தில் அதுவும் ஏறக்குறைய ஐயாயிரம்தான். அங்கே ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பார்த்து, "பிக்ஸட் ரேட்டுப்பா, பேரமே கிடையாது, அதான் நாகரிகம்" என்று மெச்சிக் கொடுத்துவிட்டு வந்தவர், ஒரு பெண் வாரக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நூல் நூலாக எண்ணித் தைத்ததை, அதுவும் தப்பில்லாத வேலை என்று தம் வாயாலேயே சான்று கொடுத்த பிறகு, பாதிக்கும் குறைவாகக் கேட்டார். வேலை தெரியாதவன் பேரம் பேசினால் அறியாமை என்று விட்டுவிடலாம். வேலை தெரிந்தவர் பேசியதற்கு என்ன பெயர்? மகனுடைய ஊரில் வாயைத் திறக்கக் கூசியவருக்கு நம்மூர் மலையில் மட்டும் எங்கிருந்து அத்தனை தைரியம் வந்தது?

அந்த அம்மாள் வாதாடவில்லை. சால்வையை வாங்கி மடிக்க ஆரம்பித்தார். இவருடைய மனைவி முன்னால் வந்து, கைப்பையைத் திறந்து, பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்துச் சால்வையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கும்வரை தம்பதிக்குள் பேச்சில்லை. சாக்லேட், யூக்கலிப்டஸ் தைலம், வர்க்கி ஆகியவை வழக்கப்படி வாங்கப்பட்டன.

அந்தச் சால்வை இப்போது எங்கள் அங்கேக்காரருடைய தோளில் இருக்கிறது. மார்கழி பிறந்தது முதல், விடியற்காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வரும்போது, தலையில் அந்தத் தொப்பியும் மேலே இந்தச் சால்வையுமாக வருகிறார். ஆவடிக்கு அவ்வளவு குளிர் ஏது என்பது வேறு விஷயம். சென்ற வாரம் உடன் நடப்பவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு பூவேலையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் நின்று, சால்வையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டி, நகத்தால் ஒரு வரிசையைத் தடவி, "அங்கெல்லாம் மெஷினே தொடமாட்டாங்கப்பா. ஒவ்வொரு நூலா எண்ணித்தான் தைப்பாங்க" என்றார். தொப்பியையும் சால்வையையும் மாறிமாறிப் பார்த்த அந்த நண்பர்கள், "ஸ்காட்லாந்துன்னா ஸ்காட்லாந்துதான் சார்" என்று தலையாட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏரியைச் சுற்றி வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

வருகிற மே மாதம் ஏற்காடு என்று அவரே தீர்மானித்து, குடும்ப வாட்ஸ்அப்பில் அட்டவணையும் போட்டு, ஆளுக்கு இரண்டாயிரம் முன்பணம் கேட்டிருக்கிறார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் பணம் அனுப்பவில்லை.